கடல் விட்டுப்போன கரை

கோபன்ஹேகன் போய் வந்தவர்கள் காட்டும் போட்டோ பெரும்பாலும் ஒன்றுதான். நியூஹாவன் கால்வாய், கரையில் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாய் வீடுகள், கீழே பழைய மரக்கப்பல்கள். 1670களில் ஐந்தாம் கிறிஸ்டியன் அரசர் வெட்டவைத்த கால்வாய் அது. ஒரு பகல் போதும். படகில் ஒரு சுற்று, கடற்கன்னி சிலை, கரையோரம் ஒரு காபி. அழகான ஊர், மறுப்பதற்கில்லை. ஆனால் அரியலூர்ப் பக்கத்து ஆள் அங்கே போனால், தண்ணீரைவிடக் கல்லைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும். அந்தக் கல் நமக்குச் சொந்தக்காரன்.

நகரத்துக்குத் தெற்கே ஸ்டீவன்ஸ் கிளின்ட் என்று ஒரு சுண்ணாம்புப் பாறைச் சுவர் கடலோரமாக நீண்டு நிற்கிறது. அதன் நடுவே விரல் தடிமனில் கறுத்த களிமண் கோடு ஒன்று ஓடும். கோட்டுக்குக் கீழே டைனோசர்கள் வாழ்ந்த காலம், மேலே அவை அழிந்ததற்குப் பிந்தைய காலம். அந்த அழிவு நடந்தது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அந்தக் களிமண்ணில் இரிடியம் அளவுக்கு மீறி இருப்பதையும் சான்றாக வைத்துத்தான், விண்கல் மோதியதால்தான் அந்த அழிவு என்று அல்வாரெஸ் என்ற விஞ்ஞானியின் குழுவினர் 1980-இல் சொன்னார்கள். கோட்டுக்கு மேலே தொடங்கும் காலத்துக்கு 1847-லேயே டென்மார்க்கின் பெயரால் டேனியன் என்று பெயர் வைத்தாகிவிட்டது. அந்த டேனியன் காலத்துக் கல் நம் செந்துறைப் பக்கம் நின்னியூரில் கிடக்கிறது. டேனிகஸ் என்று டென்மார்க் பெயர் தாங்கிய நாட்டிலஸ் வகை இங்கேயும் கிடைத்தது. நின்னியூர்க் கல்லுக்கும் முந்தையது கல்லமேட்டு மண். இங்கே டைனோசர் எலும்பு கிடைத்தது அதில்தான்.

இங்கேயும் ஒரு பகல் சுற்றலாம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தால், மழைத்தண்ணீர் அறுத்துப்போட்ட செம்பழுப்புப் பொட்டல். புல் பூண்டு அதிகம் கிடையாது. வெயில் ஏற ஏற ஜிப்சம் சில்லுகள் கண்ணைக் கூசவைக்கும். குனிந்து பார்த்தால் சுண்டுவிரல் நீளத்தில், ஒரு முனை கூரான உருளைக் கல் கிடக்கும். அது பெலம்னைட், கணவாயின் அழிந்துபோன உறவினத்தின் உள்கூடு. தேடத் தெரிந்தவர்களுக்குச் சுறாப் பல்லும் அகப்படும். ஆடு ஓட்டி வருகிறவர்களிடம் கேட்டால், "இது கடலு கெடந்த எடங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நடப்பார்கள்.

சுறாப் பல் என்றதும் கோபன்ஹேகன்காரர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். 1638-இல் அங்கே பிறந்த நீல்ஸ் ஸ்டென்சன், 1666-இல் இத்தாலியில் ஒரு சுறாவின் தலையை அறுத்துப் பார்த்தார். மலைப்பாறைகளில் கிடைத்துவந்த நாக்கு வடிவக் கற்கள் சுறாவின் பற்களே என்று வாதாடினார். கடல் நிலத்தின் மேல் வந்து போகும் என்பதைத் துறைமுகத்தில் வளர்ந்த ஒருவர் எடுத்துச் சொன்னது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

நம் பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் கிடக்கிறது. புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டறிந்தது. நிலத்தில் வளர்ந்த மரம், கடலுக்கு அடித்து வரப்பட்டு, சேற்றில் புதைந்து கல்லாகிவிட்டது. அதாவது கரை அப்போது பக்கத்தில்தான் எங்கேயோ இருந்தது. கல்லங்குறிச்சியில் சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளங்களில் கைப்பிடி கனத்துக்குச் சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கும். அவைதான் லாரி ஏறி சிமெண்ட் ஆலைக்குப் போகின்றன. அரியலூரில் அரசு ஆலை வந்தது 1979-இல். தனியார் ஆலைகள் பல. தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் இந்தக் கடல் இருக்கிறது, குடியிருப்பவர்களுக்குத் தெரியாது.

நம் ஊரை வறண்ட ஊர், பார்க்க ஒன்றுமில்லாத ஊர் என்று நாமே சொல்லிப் பழகிவிட்டோம். துறைமுக நகரத்துக்காரர்கள் கடல் தங்களுடையது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டீவன்ஸ் பாறையின் விளிம்பில் நின்ற பழைய தேவாலயத்தின் ஒரு பகுதி 1928-இல் இடிந்து கடலில் விழுந்தது. அங்கே கடல் அரித்துக்கொண்டு வருகிறது. இங்கே வந்து, இருந்து, போய்விட்டது. கரை என்று நாம் கோடு போட்டுக் காட்டுவது கடலுக்கும் நிலத்துக்கும் இடையே நிற்கும் தற்காலிக ஏற்பாடு. அந்த ஏற்பாடு கலைந்த பிறகு என்ன மிஞ்சும் என்று கோபன்ஹேகனில் நின்று யோசிக்கத்தான் முடியும். காரையில் அது காலில் இடறும்.

அதனால்தான் ஒரு வேண்டுகோள். காரைக்குப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கிடப்பதைக் குனிந்து பார்த்துவிட்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். இன்னும் நெருங்கிப் பார்க்க ஆசையிருந்தால் வாரணவாசியில் இதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது.