இரண்டு மீட்டர் தள்ளி

தவக்காலம் முதல் ஞாயிறு மறையுரை



இன்று நாம் கேட்ட மாற்கு நற்செய்திப் பகுதி மிகவும் சின்னது. இயேசு பாலைநிலத்தில் சோதிக்கப்பட்டதை மத்தேயுவும் லூக்காவும் விரிவாகச் சொல்கிறார்கள். கல் அப்பமாவது, கோவில் உச்சி, உலக அரசுகள் என்று மூன்று காட்சிகள். மாற்கு இரண்டே வசனத்தில் முடித்துவிடுகிறார். ஆனால் போகிற போக்கில், மற்ற இருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறார்: இயேசு அங்கே காட்டு விலங்குகளோடு இருந்தாராம். அவை பாய்ந்தன என்றோ, இவர் விரட்டினார் என்றோ ஒரு சொல் இல்லை. கூட இருந்தார், அவ்வளவுதான். இந்த வரியைப் பீடத்தில் நின்று எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். வாசித்த கையோடு சோதனையைப் பற்றிப் பேசப் போய்விடுவேன். போன ஆண்டு ஒரு தம்பதியர்தான் என்னை இந்த வரியில் பிடித்து நிறுத்தினார்கள்.

நான் முன்பு இருந்த பங்கைச் சேர்ந்தவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். கதையைச் சொல்லிக்கொள்ள அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். அவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். முப்பது வருடம் விசில் ஊதியே வாழ்ந்தவர். பங்குத் திருவிழாவில் தேர் புறப்படும்போது கூட்டத்தை ஒதுக்க அவர் ஒருத்தர் போதும், போலீஸ் வேண்டாம். அந்த அம்மா அமைதி. மரியாயின் சேனையில் இருந்தவர். கல்யாணமாகி நாற்பது வருடம் ஆனதை முன்னிட்டு, அமெரிக்காவில் இருக்கும் மகள் டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறாள். எங்கே? கலாபகோஸ் தீவுகளுக்கு. "லூர்து, பாத்திமான்னு அனுப்பினா ஒரு அர்த்தம் இருக்கு சாமி. இவ எங்களை ஆமை பார்க்க அனுப்புறா" என்று புலம்பிக்கொண்டேதான் மனிதர் கிளம்பினார். அந்தத் தீவுகளின் பூங்காவுக்குள் நுழைய வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 200 டாலர் கட்டணம் என்று தெரிந்தபோது புலம்பல் இன்னும் கூடியதாம்.

தென் அமெரிக்காவில் எக்குவதோர் நாட்டுக் கரையிலிருந்து மேற்கே சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில் எரிமலைக் கற்குவியலாக எழுந்து நிற்கும் தீவுகள் அவை. அவற்றைப் பற்றி முதன்முதலில் எழுதி வைத்தவர் யார் தெரியுமா? ஓர் ஆயர். பனாமாவின் ஆயர் தோமாஸ் தெ பெர்லாங்கா, தொமினிக்கன் சபைத் துறவி. பெரு நாட்டைப் பிடித்த ஸ்பானியத் தளபதிகளுக்குள் தகராறு. அதைத் தீர்த்து வைக்கப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அவரை அனுப்புகிறார். நடுக்கடலில் காற்று நின்றுபோகிறது. நீரோட்டம் கப்பலை இழுத்துக்கொண்டு போய், 1535 மார்ச் 10 அன்று இந்தத் தீவுகள் கண்ணில் படும் தூரத்தில் விடுகிறது. கப்பலில் குடிதண்ணீர் இல்லை. கரையேறிக் கிணறு தோண்டினால், கடல்நீரைவிடக் கசப்பான நீர் ஊறுகிறது. கடைசியில் கள்ளியின் மடலைப் பிழிந்து குடித்திருக்கிறார்கள். பன்னீர் போல நினைத்துக் குடித்தார்களாம்.

பாடுகளின் ஞாயிறு வந்தது. அந்தக் கால வழக்கில் அது குருத்து ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு. ஆயர் திருப்பலிக்கு வேண்டியதையெல்லாம் கரைக்குக் கொண்டுவரச் சொல்லி, அந்தக் கற்களுக்கு நடுவில் பூசை வைத்தார். பூசை முடிந்ததும் ஆட்களை இரண்டு மூன்று பேராகப் பிரித்து நாலா பக்கமும் அனுப்பினார். ஒரு பள்ளத்தில் பாறைகளுக்கிடையே தண்ணீர் கிடைத்தது. இருந்தும் அந்தப் பயணத்தில் தாகத்தால் இரண்டு பேரும் பத்துக் குதிரைகளும் இறந்துபோனார்கள்.

அதே ஆண்டு பேரரசருக்கு எழுதிய கடிதத்தில் ஆயர் இதையெல்லாம் சொல்கிறார். ஓர் ஆளைச் சுமக்கும் அளவுக்குப் பெரிய ஆமைகளைப் பற்றியும் சொல்கிறார். பறவைகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவருக்கே வியப்புத் தாங்கவில்லை. பறந்து தப்பிக்கத் தெரியாத மடப் பறவைகளாம்; பலவற்றைக் கையாலேயே பிடித்தார்களாம். மனிதனைப் பார்த்து ஓடத் தெரியாததற்கு ஆயர் வைத்த பெயர் மடமை. பசித்தவர்கள்தான், குற்றம் சொல்ல நான் யார்? ஆனாலும் திருச்சபையின் கை அந்தத் தீவுகளில் முதலில் பட்டது இப்படித்தான்.

சரியாக 300 ஆண்டு கழித்து, 1835இல், சார்லஸ் டார்வின் அங்கே வந்தார். அவரும் குருவாகும் எண்ணத்தில் கேம்பிரிட்ஜில் படித்தவர்தான். கிளையில் உட்கார்ந்திருந்த ஒரு பருந்தைத் துப்பாக்கி முனையாலேயே தள்ளிவிட்டதாக எழுதியிருக்கிறார். ஒருநாள் படுத்திருந்தபோது, கையில் பிடித்திருந்த தண்ணீர்ப் பாத்திரத்தின் விளிம்பில் ஒரு பறவை வந்து உட்கார்ந்து, சாவகாசமாகக் குடித்திருக்கிறது. அவர் பாத்திரத்தைத் தூக்கியும் அது அசையவில்லை. அந்தப் பாத்திரம் ஆமை ஓட்டில் செய்தது. அதே தீவுகளில் இன்னொன்றையும் அவர் பார்த்தார். ஒரு சிறுவன் கையில் குச்சியோடு கிணற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் குடிக்க வரும் புறாக்களையும் குருவிகளையும் ஒவ்வொன்றாக அடித்துப் போடுகிறான், சாப்பாட்டுக்கு. அந்தப் பையன் எனக்குத் தூக்கத்திலும் வருகிறான். தாகத்தோடு வருகிற உயிருக்குக் கிணற்றடியில் என்ன கிடைக்க வேண்டும்? இதைச் சமாரியப் பெண்ணின் கதை தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது முதல் வாசகத்துக்கு வருவோம். வெள்ளம் வடிந்தபின் கடவுள் நோவாவோடு உடன்படிக்கை செய்கிறார். நோவாவோடு மட்டுமா? பறவை, கால்நடை, காட்டு விலங்கு என்று பேழையிலிருந்து இறங்கிய அத்தனையோடும். இன்று வாசித்த சில வசனங்களுக்குள் உயிருள்ள எல்லாவற்றோடும் என்று மூன்று முறை வருகிறது. வீட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள். நாம் கையெழுத்துப் போட்ட பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் பங்காளிகள் ஏராளம். ஆனால் வாசகம் எட்டாம் வசனத்தில்தான் தொடங்கியது. அதற்குக் கொஞ்சம் முன்னால், அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தையும் படியுங்கள். இனிமேல் எல்லா விலங்குக்கும் பறவைக்கும் உங்களைப் பற்றிய அச்சம் இருக்கும் என்கிறார் கடவுள். ஏதேனில் அப்படி இல்லை. ஆதாம் பெயரிட வேண்டும் என்று கடவுள் கொண்டுவந்தபோது அவை அவன் முன்னால் வந்து நின்றன. பயம் இடையில் வந்தது. வெள்ளத்துக்கு முன் மண்ணுலகு வன்முறையால் நிறைந்திருந்தது என்று சொல்கிற அதே நூல்தான் இதையும் சொல்கிறது.

சரி, நம் பி.டி. வாத்தியார் என்ன ஆனார்?

எஸ்பான்யோலா என்ற தீவில் வெள்ளை மணல் கடற்கரை. கரை நெடுகக் கடற்சிங்கங்கள், நம் ஊரில் வெயிலுக்குக் கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள் மாதிரி. இறங்குவதற்கு முன்பே வழிகாட்டி சட்டத்தைச் சொல்லிவிட்டாள். எந்த உயிருக்கும் இரண்டு மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். தொடக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. "அது பக்கத்துல வந்தா?" என்று இவர் கேட்டிருக்கிறார். "அது வரலாம், நீங்கதான் போகக் கூடாது" என்றாளாம் அவள். அந்த அம்மா மணலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு கடற்சிங்கக் குட்டி தத்தித் தத்தி வந்து அவருடைய கால் பெருவிரலை மோந்து பார்த்தது. மீசை ஈரமாகப் பட்டதாம். அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எங்கே தன்னையறியாமல் தடவிவிடுவோமோ என்று பயம். தொட்டால் மனித வாடைக்குத் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்று வழிகாட்டி எச்சரித்திருந்தாள். "பிள்ளை பெத்தப்பக்கூட இவ்வளவு நேரம் மூச்சை அடக்கல சாமி" என்றார் என்னிடம்.

வாத்தியாருக்கு வேறு அனுபவம். அந்தத் தீவில் ஒரு பறவை உண்டு, மாக்கிங்பேர்ட் வகை. நம் தவிட்டுக்குருவி போலத்தான் இருக்குமாம், அலகு மட்டும் நீளமாக வளைந்தது. அது நேராக வந்து அவருடைய தண்ணீர் பாட்டில் மூடியைக் கொத்தியது. அங்கே நல்ல தண்ணீர் அரிது; பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. இவர் மூடியைத் திறக்கப் போனார். வழிகாட்டி தடுத்துவிட்டாள். இவருக்குக் கோபம்: "தாகத்துக்குத் தண்ணி கொடுக்கிறது பாவமா?" கொடுத்துப் பழக்கினால் அவை மனிதனை நம்பி வாழத் தொடங்கிவிடும், இத்தனை ஆயிரம் ஆண்டு அந்தக் காய்ந்த தீவில் வாழ்ந்த வாழ்க்கை கெட்டுவிடும் என்றாள் அவள். மனிதர் பாட்டிலைப் பைக்குள் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார். பறவை அவர் ஷூவின் மேல் ஏறி, லேஸைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி படகில் மனைவியிடம் சொன்னாராம்: "என்னைப் பார்த்து ஓடாத ஒரு ஜீவனை இன்னைக்குத்தான்டி பார்க்கிறேன்." அந்த அம்மா பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கணவரின் வண்டிச் சத்தம் கேட்டாலே டிவியை அணைத்துவிட்டு உள்ளே போகிற பிள்ளைகளோடு அந்த வீட்டில் நாற்பது வருடம் இருந்தவர் அவர்.

அந்தத் தீவுகளிலும் எல்லாம் ஏதேன் தோட்டம் இல்லை. 'கலாபகோ' என்பதே ஆமைக்குப் பழைய ஸ்பானியச் சொல். உணவும் தண்ணீரும் இல்லாமல் ஓராண்டு வரை உயிரோடு கிடக்கும் என்று கண்டுகொண்ட கப்பல்காரர்கள் அந்த ஆமைகளைச் சரக்கறையில் அடுக்கிக்கொண்டு போனார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் போயிருக்கும் என்பது கணக்கு. அவர்கள் விட்டுப்போன ஆடுகள் பெருகி, மிச்ச ஆமைகளின் தீனியைத் தின்று தீர்த்தன. 1997 முதல் 2006 வரை சில தீவுகளில் மட்டும் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் ஆடுகளை ஒழித்தார்கள். ஒளிந்திருக்கும் ஆடுகளைக் காட்டிக்கொடுக்க, கழுத்தில் ரேடியோ கட்டிய ஓர் ஆட்டை அனுப்புவார்கள். அதற்கு வைத்த பெயர் யூதாஸ் ஆடு. நாம் கெடுத்ததைச் சீர்செய்வதும் சுத்தமான கையோடு செய்கிற வேலையாக இருப்பதில்லை.

பிந்தா தீவின் ஆமை இனத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. தனிமை ஜார்ஜ் என்று உலகமே அழைத்தது. 1971இல் கண்டுபிடித்து, சாந்தா குரூஸ் தீவுக்குக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டார்கள். 2012 ஜூன் 24, திருமுழுக்கு யோவானின் பிறப்புப் பெருவிழா, அன்று ஞாயிற்றுக்கிழமை. நெடுங்காலமாக அதைப் பேணிய ஃபௌஸ்தோ லெரேனா காலையில் போய்ப் பார்த்தபோது அது இறந்து கிடந்தது. பதப்படுத்திய அதன் உடலைக் கண்ணாடி அறைக்குள் வைத்திருக்கிறார்கள். அந்த அம்மா அதன்முன் நின்று ஒரு 'மங்கள வார்த்தை' ஜெபம் சொன்னாராம். தப்பா சாமி என்று கேட்டார். ஓர் இனம் அழிந்தால் கடவுளைப் புகழும் ஒரு குரல் நின்றுபோகிறது என்ற பொருளில் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் எழுதியிருக்கிறார். நின்றுபோன குரலுக்காக ஒரு ஜெபம் சொல்வது தப்பே இல்லை என்றேன்.

ஊர் திரும்பியபின் நடந்ததை அந்த அம்மா தனியாகச் சொன்னார். மகன் வீட்டுப் பேரன், நான்கு வயது. தாத்தா என்றால் பாட்டி சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். முன்பெல்லாம் "வாடா இங்க" என்று கையைப் பிடித்து இழுப்பார், அவன் அழுவான். வந்த மறுநாள் மனிதர் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாராம். கூப்பிடவில்லை. பேப்பரை விரித்துக்கொண்டு சும்மா இருந்தார். மூன்றாம் நாள் பையன் வந்து, உடைந்த பொம்மைக் கார் ஒன்றை அவர் மடியில் வைத்துவிட்டு ஓடினான். "அப்ப இவர் கையைப் பின்னால கட்டிக்கிட்டார் சாமி."

விலங்குகளோடு இயேசு எப்படி இருந்தார் என்று மாற்கு விளக்கவில்லை. இப்படித்தான் இருந்திருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

கலாபகோஸுக்குப் போய்வர நம்மில் பெரும்பாலோரிடம் பணம் இல்லை. போகவும் வேண்டாம், கூட்டம் கூடினால் அந்தத் தீவுகளுக்குத்தான் பாரம். இந்தத் தவக்காலத்தில் புலால் தவிர்ப்பவர்கள் தவிருங்கள், நோன்பு இருப்பவர்கள் இருங்கள். கூடவே, உங்கள் வீட்டில் உங்களைப் பார்த்து உள்ளே போகிறவர்கள் யார் என்று ஒரு மாலை பொறுத்திருந்து பாருங்கள்.

இன்னொன்று. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. அங்கே பறவைக்குத் தண்ணீர் கொடுக்காததுதான் அன்பு. அவற்றின் வீட்டில் நாம் விருந்தாளிகள். இங்கே ஊருணியைத் தூர்த்ததும், கிணற்றை மூடியதும், வேம்பை வெட்டியதும் நாம். அதனால் இங்கே கணக்கு வேறு. மறைக்கல்விப் பிள்ளைகள் மண்சட்டிகள் வாங்கி அந்தோணியார் கெபிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பூசை முடிந்து போகும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள், காசு வேண்டாம். மொட்டை மாடியில் நிழலாகப் பார்த்து வையுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். ஊற்றிவிட்டு அங்கேயே நின்று போட்டோ எடுக்காதீர்கள். இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள்.