இருட்டறையில் ஒரு குடம்

இருட்டறைக்குள் நின்றுகொண்டு ஒருவன், "இங்கே குடம் இல்லை" என்று சொல்வானாயின், அவன் வாக்கைப் பிரமாணமாகக் கொள்ளலாமா? இல்லாததை இல்லையென்று அறிவது எப்படி என்பதைப்பற்றி நம் தேசத்துத் தத்துவ ஞானிகள் நெடுங்காலம் விவாதித்திருக்கிறார்கள். குமாரிலரைப் பின்பற்றிய மீமாம்சகர்களும் அத்வைதிகளும், காணப்படாமையே இன்மையை அறிவிக்கும் தனிப் பிரமாணம் என்று கொண்டு அதற்கு அநுபலப்தி என்று பெயரிட்டார்கள்; நையாயிகர்களோ இன்மையும் இந்திரியங்களாலேயே அறியப்படும் என்றார்கள். ஆயினும், இருந்திருந்தால் கண்ணிற்பட்டிருக்கும் என்று சொல்லத்தக்க நிலைமையில் காணாதிருந்தால்தான் இல்லையென்று தீர்மானிக்கலாம் என்பதில் இரு சாராருக்கும் உடன்பாடே.

இவ்வினா ஏட்டுச் சுவடிகளோடு முடிந்துவிடவில்லை என்பதை நான் உணர்ந்தது, இணையச் செயலிகளுக்குத் தரவு வழங்கும் சேவைகளை எழுதியும், பிறர் எழுதிய சேவைகளிலிருந்து தரவு பெற்றும் ஜீவனம் நடத்தத் தொடங்கிய பிறகேயாகும்.

2000-ஆம் ஆண்டில், இர்வைனிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ராய் ஃபீல்டிங் சமர்ப்பித்த ஆராய்ச்சி நூல், ரெஸ்ட் என்னும் அமைப்பு முறையை வகுத்துரைத்தது. அம்முறையில் சர்வரிடமுள்ள பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. கேட்பவனுக்குக் கிடைப்பதோ அப்பொருளன்று, அதன் நிலைமையைக் காட்டும் பிரதிரூபமே. முந்தைய உரையாடலைச் சர்வர் நினைவில் வைத்திராதாகையால், ஒவ்வொரு கேள்வியும் தன்னை விளங்கிக்கொள்ள வேண்டிய யாவற்றையும் தானே சுமந்துவர வேண்டும். எனவே கேட்பவன் பொருளை நேரில் தரிசிப்பது ஒருநாளும் இல்லை. அவனுக்குள்ள பிரமாணம் சப்தம், அதாவது பிறர் வாக்கு, ஒன்றே; சேவை ஆப்தனாக, நம்பத்தக்கவனாக, இருந்தாலொழிய அவன் அறிவு முழுவதும் பிழைபட்டுப்போகும்.

இக்கேள்வியும் விடையும் செல்லும் எச்.டி.டி.பி. நெறிப்படி, விடையின் முதல் வரியில் மூன்று இலக்க எண் ஒன்று நிற்கும். 200 என்றால் கேட்டது கிடைத்தது. 4 என்று தொடங்குபவை கேள்வியில் குறை காண்பவை. 5 என்று தொடங்குபவை, குறை என்னுடையது என்று சர்வரே ஒப்புக்கொள்பவை. 404 என்னும் எண், இம்முகவரிக்குரிய எதையும் இப்போது காணேன் என்பதோடு நின்றுவிடுகிறது. முன்பு இருந்ததா, இனி வருமா என்று அது சொல்வதில்லை. 410 என்பதோ, இருந்தது, போய்விட்டது, பெரும்பாலும் திரும்பாது என்கிறது. அபாவத்தை, அதாவது இன்மையை, நான்காக வகுத்த தர்க்க நூலைப் பயின்றவர்களுக்கு, இது உடைந்த குடத்தின் இன்மையாகிய பிரத்வம்சாபாவம் என்பது உடனே விளங்கும். குயவன் வனையுமுன் உள்ள பிராகபாவத்துக்கும், முக்காலத்தும் இல்லாமையாகிய அத்யந்தாபாவத்துக்கும் தனித்தனி எண் கிடையாது; இரண்டும் 404-இல் அடங்கிவிடுகின்றன. இதை நான் குறையென்று எண்ணவில்லை. வருங்காலத்தை அறியாதவன் அதைப்பற்றி மௌனமாயிருப்பதும் சத்தியத்தின் ஓர் அங்கமன்றோ? இன்னும் உருவாகாத ஒன்றுக்கும் முகவரி இருக்கலாம் என்று ஃபீல்டிங்கின் நூலே இடங்கொடுக்கிறது. பிறவாத பிள்ளைக்குப் பெயர் தேர்ந்துவைப்பதைப் போல.

சில ஆண்டுகளுக்கு முன் முதியோர் உதவித்தொகைப் பட்டியல் தயாரிக்கும் செயலியொன்றில் நான் வேலை செய்தேன். பயனாளி ஒவ்வொருவருடைய பதிவையும் வேறோர் அலுவலகத்தின் சேவையிடம் கேட்டு, இருப்பவரை மட்டும் அம்மாதப் பட்டியலில் சேர்ப்பது அதன் பணி. ஓர் இரவு அந்தச் சேவைக்கும் அதன் டேட்டாபேஸுக்கும் இடையே தொடர்பு அறுந்துபோயிற்று. இப்போது என்னால் இயலாது என்று பொருள்படும் 503-ஐச் சொல்லியிருக்க வேண்டிய அது, எதையும் காணாமையால், கேட்ட பெயருக்கெல்லாம் 404 என்றே விடை தந்தது. எங்கள் செயலி அதை ஆப்த வாக்கியமாக ஏற்று, உயிரோடிருந்த கிழவர்களையும் கிழவிகளையும் ஒவ்வொருவராக விலக்கியது. இருட்டில் நின்றவன் குடம் இல்லையென்றான், நாங்கள் நம்பினோம். 404 என்னும் விடையை இடைவழியிலுள்ள கேச்கள் சேமித்துவைக்க நெறி அனுமதிப்பதால், டேட்டாபேஸ் சீரான பின்னரும் அந்தப் பொய் சிறிது நேரம் வாழ்ந்தது. பெயர்களை மீண்டும் சேர்த்து முடிப்பதற்குள் பணம் போய்ச்சேர வேண்டிய நாள் கடந்துவிட்டது. மாத்திரை வாங்க அந்தப் பணத்தையே நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வாரத் தாமதம் என்பது என்ன என்று நினைக்கும்போதெல்லாம் இன்றும் என் நெஞ்சு கனக்கிறது.

இதனினும் நுட்பமான சங்கடம் ஒன்று உண்டு. பதிவு இருக்கிறது, நீ பார்க்கலாகாது என்பதற்கு உரிய எண் 403. மனநோய் மருத்துவம் பெற்ற ஒருவருடைய பதிவை அயலான் ஒருவன் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 403 என்ற விடையே அவர் அங்கே சிகிச்சை பெற்றதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகையால் அத்தகைய இடத்தில் 404 சொல்லலாம் என்று நெறி நூல் அனுமதிக்கிறது. இது பொய்யா? நெடுநாள் யோசித்தேன். சொல்லுக்குப் பொருள் சங்கேதத்தால் அமைவது. எச்.டி.டி.பி. நெறி நூல் 404-க்குப் பொருள் கூறும்போதே, காணவில்லை, அல்லது உண்டென்று வெளியிட விருப்பமில்லை, என்று இரண்டையும் சேர்த்தே விரித்திருக்கிறது. சொல்பவனும் கேட்பவனும் அந்தச் சங்கேதத்தை அறிந்தவர்களாயின் அங்கே வஞ்சனை இல்லை என்பது என் துணிபு.

ஆனால் இத்துணிபுக்கு வந்தபிறகு பழி எங்கள் பக்கமே திரும்பியது. 404-க்கு இத்தனை பொருள் இருக்குமானால், அதைக் கொண்டு ஒரு மனிதரை இல்லையென்று முடிவுகட்ட எங்களுக்கு என்ன உரிமை இருந்தது? அந்தச் சேவை உண்மையே பேசியிருந்தாலும் நாங்கள் செய்தது பிழைதான்.

செயலியைத் திருத்தி எழுதினோம். 404 வந்தால் பெயர் பட்டியலிலேயே இருக்கும். ஓர் அலுவலர் நேரில் விசாரித்து வருவார். அவ்வலுவலகத்தாரும் தங்கள் சேவையைத் திருத்தி, டேட்டாபேஸ் எட்டாதபோது 503-ஐயும், எத்தனை விநாடி கழித்து மறுபடி கேட்கலாம் என்ற குறிப்பையும் அனுப்பச் செய்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் ஓர் இரவு மீண்டும் தொடர்பு அறுந்தது. சொன்ன விநாடிகள் கழியுமட்டும் காத்திருந்து, கேட்டு, மறுபடியும் காத்திருந்து, விடியுமுன் எங்கள் செயலி அத்தனை பேரையும் கண்டுகொண்டது.