ஓவியமும் ஓய்வூதியமும்

ஒரு நகரம் கடனில் அமிழும்போது அதன் ஓவியங்களை விற்றுக் கடனடைக்கலாமா? அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரம் 2013 ஜூலையில், சுமார் 18 பில்லியன் டொலர் கடனோடு வங்குரோத்து நீதிமன்றம் போனபோது எழுந்த கேள்வி இது. 1885இல் தோன்றிய அங்குள்ள கலை நூதனசாலையில் ஏறத்தாழ 65,000 படைப்புகள் உண்டு. அப்போது அவை நகரத்தின் உடைமை. கடன் கொடுத்தோரின் கண் அவற்றில் விழுந்ததில் வியப்பில்லை. நகரப் பணத்தில் வாங்கிய சுமார் 2,800 படைப்புகளைக் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் மதிப்பிட்டது: 454 முதல் 867 மில்லியன் டொலர் வரை. புரூகல் வரைந்த கலியாண நடனம் மட்டும் 100 மில்லியனுக்குக் குறையாதாம்.

என் மனம் முதலில் ஓய்வூதியர் பக்கமே சாய்ந்தது. நானும் ஓய்வூதியத்தை நம்பி வெண்கட்டி பிடிப்பவன்தான். அந்நகரின் சாதாரண ஊழியர் பெற்றது சராசரியாக ஆண்டுக்கு 20,000 டொலரும் இல்லை. அவர் வயிற்றில் அடித்துவிட்டு, சுவரில் ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதா?

ஆனால் ஓவியம் ஒருமுறை போனால் போனதுதான். யாரோ ஒரு தனவந்தரின் வீட்டுக்குள் மறைந்துவிடும். கடனோ மீண்டும் வரும். இச்சேகரிப்பு பொதுமக்களுக்கான நம்பிக்கைப் பொறுப்பு, கடனுக்காக விற்க முடியாது என்று மாநிலச் சட்டமா அதிபர் 2013 ஜூனிலேயே கருத்துரைத்தார். வக்பு அறிந்த நமக்கு இது புதிதல்ல.

இவ்விடத்தில் நின்றுவிட என்னால் முடியவில்லை. ஓய்வூதியமும் அமானிதம்தானே? உழைத்த காலத்தில் கையில் தராமல் பிடித்துவைத்த கூலி அது. மிச்சிகன் அரசியலமைப்பே அதற்குக் காப்பளிக்கிறது. இருந்தும், வங்குரோத்தில் அதைக் குறைக்கலாம் என்று 2013 டிசம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். இரண்டும் கொடுத்த வாக்குத்தான். எவருக்குக் கொடுத்த வாக்கை முறிப்பது இலேசு என்று பார்த்தே ஆட்சியாளர் முடிவெடுப்பார்கள் என்பதுதான் என் பயம்.

2014இல் தரும ஸ்தாபனங்களும் மாநில அரசும் நூதனசாலையும் சேர்ந்து, ஓய்வூதிய நிதிக்கென 816 மில்லியன் டொலர் தர உடன்பட்டன. ஓர் ஓவியமும் விற்கப்படவில்லை. சேகரிப்பு இலாபநோக்கற்ற அமைப்பொன்றின் கைக்கு மாறியது. மெச்சத்தக்க ஏற்பாடு, நானும் மெச்சுகிறேன். ஆயினும் சாதாரண ஊழியரின் ஓய்வூதியத்தில் 4.5 வீதம் வெட்டப்பட்டதையும், வாழ்க்கைச் செலவுக்கான வருடாந்த உயர்வு நின்றுபோனதையும் சொல்லாமல் மெச்சுவது நேர்மையாகாது.

அந்நூதனசாலையின் நடுமண்டபத்தில் டீகோ ரிவேரா 1932, 33இல் தீட்டிய 27 சுவரோவியங்கள் உண்டு. பெரிய இரண்டிலும் ஃபோர்ட் தொழிற்சாலைத் தொழிலாளர் முதுகு வளைத்து நிற்கிறார்கள். நகரவாசிகளுக்கு அனுமதி இலவசம். 4.5 வீதத்தை இழந்த ஒரு முதியவர் அங்கே போய், தன் தகப்பன் காலத்துத் தொழிலாளியின் முன் நின்றால் என்ன நினைப்பார்? அவரிடம்தான் கேட்க ஆசை.