கவடு

விடியவில்லை. அம்பிட்டியவில் மூடுபனி.

யன்னலோரம் நந்தியாவட்டை. வெள்ளைப் பூக்கள் தெரிகின்றன. செடி தெரியவில்லை.

*

தலாத்துஓயாவுக்குப் போகும் முதல் பஸ். வளைவில் கியர் மாறுகிறது.

பிறகு, அந்தச் சத்தம் இருந்த இடம்.

*

டைவரிகேட்.

நேற்றிரவு கண்ட ஆங்கிலச் சொல். கிளைத்தல். அதுவும் அகன்று கிளைத்தல். நெருங்கிப் பிரியும் கொப்புகளுக்கு இது ஆகாது. நடுவே வானம் தெரிய வேண்டும்.

பேனை அதை இரண்டு முறை எழுதிப் பார்க்கிறது.

*

வெளிச்சம். பூக்களுக்குப் பின்னால் மெல்லச் செடி வருகிறது.

ஒரு கிளை இரண்டாகிறது. அந்த இரண்டும் இரண்டிரண்டாக. பிரியும் இடத்தில் பூ.

லின்னேயஸ் 1753இல் இதற்கு இட்ட பெயரின் பின்பாதி, டிவாரிகேட்டம். முன்பாதி பிறகு மாறிவிட்டது. இன்று டபர்னேமொன்டானா டிவாரிகேட்டா. எத்தனை கோயில் வாசல்களில் இந்தச் சொல் நின்றுகொண்டிருக்கிறது, யாரும் கூப்பிடாமல்.

*

வேர் லத்தீன். வாருஸ்: வளைந்த கால். வாரிக்குஸ்: கால்களை அகட்டி நிற்பவன்.

ஆக, மரம் பிறகுதான் வருகிறது. முதலில் ஓர் ஆள். கால் அகட்டி நிற்கிறான்.

*

கவடு.

மரத்தில் கிளை பிரியும் இடம். உடம்பில் கால் பிரியும் இடம். இங்கேயும் ஒரே சொல்.

கவட்டைக்கால். கொய்யாக் கவட்டையில் கட்டிய கெற்றப்போல். விரலில் ரப்பர் வாசம், இத்தனை வருடத்துக்குப் பிறகும்.

ரோமாபுரியில் ஒருவன் மரத்தைப் பார்த்துவிட்டுத் தன் காலைக் குனிந்து பார்க்கிறான். இங்கே ஒருவன்.

*

மூச்சு உள்ளே வருகிறது. நெஞ்சுக்குள் எங்கோ இரண்டாகப் பிரிகிறது. அந்த இடம் தெரிவதில்லை.

*

அதே வேரில் இன்னொரு சொல், பிரிவாரிகேட். மழுப்பிப் பேசுவது. லத்தீனில் அது கோணல் நடை. ரோமரின் வழக்குமன்றத்தில், குற்றம் சாட்டியவனே எதிராளியோடு கள்ளமாய்ச் சேர்ந்துகொள்வது. இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால்.

கவடு என்றால் வஞ்சனையும்தான். கவடு சூது அறியாத பிள்ளை என்கிறோம்.

அகராதி அதைத் தனியாக வைக்கிறது. கபடத்திலிருந்து வந்ததாம். வேறு வேர், ஒரே ஓசை. அகராதி சொல்வது சரி.

காதுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருக்கிறது.

*

குருமடத்துப் பக்கம் பனி விலகுகிறது.

1893இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொடங்கியது. இந்தியாவிலிருந்து பையன்கள் கடல் தாண்டி வந்து, இந்த ஈரமான குன்றில் லத்தீன் படிக்கிறார்கள். வேற்றுமை உருபுகளை முணுமுணுக்கிறார்கள். அதில் தமிழ் நாக்குகளும் இருந்திருக்கும்.

1955இல் அது புனேவுக்குப் போகிறது. இங்கே தேசிய குருமடம்.

சுவரில் பாசி.

*

நியூசிலாந்தில் ஒருவகைப் புதர்கள். அவற்றையும் டைவரிகேட் என்றே சொல்கிறார்கள். கம்புகள் அகன்று, பின்னி, முள்வேலிபோல் வெளியே. சின்ன இலைகள் உள்ளே. மோவா என்ற பெரும்பறவை கொத்தாமலிருக்க என்று சிலர். குளிர்காற்றுக்கு என்று சிலர்.

மோவா அழிந்து பல நூறு வருடம். புதர் இன்னும் இலையை ஒளித்துக்கொண்டு நிற்கிறது.

*

பிள்ளை பெற்றவளின் வயிற்றில் நடுத்தசைகள் விலகி நிற்பதுண்டு. வைத்தியர்கள் அதற்கும் இந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த இடைவெளியில் ஒருவர் இருந்திருக்கிறார்.

*

மலைகளுக்கு அப்பால் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம்.

தேயிலையை விட்டுவிட்டால் மரம். கவ்வாத்துக் கத்தி இடுப்பளவில் நிறுத்துகிறது. வெட்டிய வாதின் கீழே துளிர்கள், பக்கத்துக்கொன்றாக. மலை முழுவதும் அந்த விரிப்பு. பார்க்கிறவர்கள் பச்சைக் கம்பளம் என்கிறார்கள். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. கம்பளத்துக்கு வெட்டுக்காயம் இல்லை.

வெட்டியது மிலாறு. கட்டாகத் தலையில் ஏறி, லயத்து அடுப்புக்குப் போகிறது.

புகை நேராக எழுகிறது. கொஞ்ச தூரம்.

*

தூறல் நிற்கிறது. கூரை இன்னும் சொட்டுகிறது.

ஒரு பூவைக் கிள்ளுகிறேன். காம்பில் பால். பெருவிரலும் சுட்டுவிரலும் ஒட்டிக்கொள்கின்றன.

மெல்ல விரிக்கிறேன். நடுவே வெள்ளையாய் ஒரு நூல் இழுபடுகிறது.