சனிக்கும் ஞாயிற்றுக்கும் நடுவே

வெள்ளிக்கிழமை. பொழுது சாய்கிறது. ஆதியாகமக் கணக்கில் நாள் சாயங்காலத்தில் தொடங்குகிறது. அப்படியென்றால் இப்போதே சனி. கைக்கு அது எட்டவில்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறது.

*

குழாயை மூடியாயிற்று. விரல் நுனிகள் சுருங்கியிருக்கின்றன. மூச்சு போகிறது, வருகிறது. அதற்கு விடுமுறை இல்லை.

*

திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்துக்குப் பக்கத்தில் பிரகாசபுரம். 1857. மிஷனோடு பிணங்கி, அருமைநாயகம் சட்டம்பிள்ளை தனிச் சபை காண்கிறார். வெள்ளைக்காரக் குருமார் இல்லாத சபை. பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பும் சபை. தூபம் புகைகிறது. ஆராதனை சனிக்கிழமையில்.

ஞாயிறு அவருக்கு ஆண்டவரின் நாளாகத் தெரியவில்லையோ. துரைமாரின் நாளாகத் தெரிந்ததோ.

எந்த நாள் என்ற கேள்விக்குள் யாருடைய நாள் என்பதும் உட்கார்ந்திருக்கிறது.

*

அந்தப் பக்கத்துச் செம்மண். தேரிக்காடு. பனைகள்.

பனைக்குக் கிழமை கிடையாது. பாளையை அன்றாடம் சீவ வேண்டும். விட்டால் சீவின முகம் காய்ந்துபோகும், பதநீர் ஊறுவது நின்றுவிடும். காலையில் ஏற்றம், மாலையிலும் ஏற்றம். இடுப்பில் அரிவாள் பெட்டி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. நெஞ்சிலே காய்ப்பு.

ஓய்வுநாளில் ஏறலாமா? கீழே நின்று கேட்பது சுலபம்.

*

321. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆணையிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை நீதிபதிகள் ஓய்ந்திருக்கட்டும், நகரத்தார் ஓய்ந்திருக்கட்டும், பட்டறைகள் மூடியிருக்கட்டும். உழவர்கள் மட்டும் வேலை செய்யலாம். விதைக்கிற பருவம் தவறினால் திரும்பாது.

அந்த ஆணையில் சூரியனின் நாள் என்றே இருக்கிறது. கிறிஸ்துவின் பெயர் இல்லை.

*

அதே நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கம். சனிக்கிழமை ஓய்வது யூத வழக்கம், கிறிஸ்தவர்கள் அன்று வேலை செய்ய வேண்டும் என்கிறது. ஞாயிறு ஓய்வைச் சொல்லும்போது, முடிந்தால் என்று ஒரு சொல் சேர்க்கிறது.

முடிந்தால்.

அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றுகிறது.

*

எத்தியோப்பியா. சனியையும் விடமாட்டேன் என்ற துறவி எவொஸ்தாத்தேவொஸ் நாட்டைவிட்டுப் போகிறார். 1352இல் ஆர்மீனியாவில் இறக்கிறார். அவர் சீடர்கள் விடுவதாயில்லை. 1450இல் மன்னர் சாரா யாக்கோப் கூட்டிய சங்கம் இரண்டு நாளையும் ஏற்கிறது.

இரண்டு நாள் ஓய்வு. சண்டை தீர இப்படியும் ஒரு வழி.

*

பத்துக் கட்டளைகள் இரண்டு இடத்தில் வருகின்றன. யாத்திராகமத்தில் ஓய்வுக்குக் காரணம், ஆறு நாளில் உலகைப் படைத்தவர் ஏழாம் நாளில் ஓய்ந்தது. உபாகமத்தில் காரணம் வேறு. எகிப்தில் அடிமையாயிருந்தது நினைவிருக்கட்டும், வேலைக்காரனும் ஓய்ந்திருக்கட்டும்.

முதல் காரணம் வானத்தைப் பார்க்கிறது. இரண்டாவது முதுகைப் பார்க்கிறது. மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. சாயட்டும்.

கிறிஸ்தவர்கள் இதற்குக் கட்டுப்பட்டவர்களா என்று வாதம் நீள்கிறது. கட்டளை வந்ததோ, கட்டு அவிழ்ந்து வந்தவர்களுக்கு.

*

யார் யார் ஓய வேண்டும் என்று உபாகமத்தில் பெயர்வரிசை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் தங்கிய அந்நியன்.

மனைவியைக் காணோம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் வீடு திரும்புகிறார்கள். மிக்சியில் தேங்காய் அரைபடுகிறது. குக்கர் விசில் இரண்டு. ஹாலில் ஃபேன் சுற்றுகிறது. பிரசங்கம் நன்றாயிருந்தது என்று யாரோ சொல்வது கேட்கிறது.

*

வனாந்தரத்தில் மன்னா. மறுநாளுக்கு எடுத்து வைத்தால் புழு வைக்கிறது, நாறுகிறது. ஆறாம் நாள் எடுத்து வைத்தது மட்டும் கெடுவதில்லை. சீனாய் மலைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. கட்டளை கல்லில் எழுதப்படவில்லை. அதற்குள் ஓய்வு வந்துவிட்டது.

*

எருசலேமிலிருந்து அப்போஸ்தலர்களின் கடிதம் ஒன்று புறஜாதியாருக்குப் போகிறது. விலக்க வேண்டியவை நான்கு. ஓய்வுநாள் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இல்லாததால் கடமை இல்லை என்று ஒரு சாரார். சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி எல்லாரும் அதைக் கைக்கொண்டிருந்தார்கள் என்று இன்னொரு சாரார்.

ஒரே வெற்றிடம். இரண்டு பேருக்கும் போதுமானதாயிருக்கிறது.

*

தோள்கள் தூக்கியே இருந்திருக்கின்றன. இப்போதுதான் தெரிகிறது. இறக்குகிறேன். மறுபடி மெல்ல ஏறுகின்றன.

*

நாளைப் பார்ப்பவரும் உண்டு, எல்லா நாளையும் ஒன்றாய்ப் பார்ப்பவரும் உண்டு. ரோமருக்கு எழுதும்போது பவுல் இருவரையும் அவரவர் மனத்தெளிவோடு விட்டுவிடுகிறார். எந்த நாள் என்று அங்கே பெயர் சொல்வதில்லை. அடுத்த வாக்கியத்திலேயே சாப்பாட்டுக்குப் போய்விடுகிறார்.