கால் ஓய்ந்தாலும் அமல் ஓயலாமா?



நெய்வேலி நகரியத்தில் பஜ்ருத் தொழுகை முடிந்ததும் மரங்கள் அடர்ந்த சாலைகளில் இரு சாராரைக் காணலாம். காலை ஷிப்டுக்கு விரைவோர் ஒருபுறம். உடல் நலம் நாடி நடப்போர் மறுபுறம். சுரங்கத்தில் வேலை பார்க்கும் நம் ஜமாஅத்தார் ஒருவர் இவ்விரு சாராரிலும் உண்டு. ஷிப்டு எதுவாயினும் நடையை விடாதவர். சர்க்கரை நோயை அந்த நடையினாலேயே பெரிதும் கட்டுக்குள் வைத்திருந்தவர்.

ஒரு நாள் மாலை ஷட்டில் ஆடும்போது அவருடைய கணுக்காலில் தசைநார் கிழிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நடை நின்றது. ஜமாஅத்துக்கு வருவது நின்றது. நடை முடிந்து வந்து ஓதும் குர்ஆனும் அத்தோடு நின்றது. பகல் தூக்கமும் இரவு விழிப்புமாகிப் போனார். பார்க்கச் சென்ற நம்மிடம், “ஹஜ்ரத்! கால் ஒன்றுதான் போயிற்று என்று நினைத்தேன். எல்லாமே போய்விட்டது” என்றார்.

“ஸப்ரு செய்யுங்கள் பாய்” என்றோம். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஸப்ரு என்றால் சும்மா படுத்திருப்பதா ஹஜ்ரத்?”

நாம் விடை சொல்லாமல் திரும்பினோம். மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டு, மருந்தைக் கொடுக்காமல் வந்தவனைப் போலானோம். அந்த விடையையே இங்கு எழுதுகிறோம்.

நாயகம் (ஸல்) அவர்களும் ஒருமுறை மதீனாவில் குதிரையிலிருந்து விழுந்தார்கள். வலப்புறம் சிராய்த்ததாக அனஸ் (ரலி) அவர்களும், பாதம் பிசகியதாக ஜாபிர் (ரலி) அவர்களும் அறிவிக்கிறார்கள். நலம் விசாரிக்கச் சென்ற ஸஹாபாக்கள் அவர்களை எந்நிலையில் கண்டார்கள்? உட்கார்ந்தபடி தொழுதுகொண்டிருக்கக் கண்டார்கள். நிற்க இயலவில்லை, ஆயினும் தொழுகை நிற்கவில்லை. ஸப்ரு என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலுமா?

அடியான் நோயுற்றாலோ பயணம் சென்றாலோ, சுகமாக ஊரிலிருந்தபோது செய்துவந்த அமலின் கூலி அவனுக்கு எழுதப்படும் என்பது புகாரியில் வரும் நபிமொழியின் கருத்து. வழமையாக ஜமாஅத்துக்கு வந்தவருக்கு எத்தகைய ஆறுதல்! ‘கூலிதான் எழுதப்படுகிறதே, பேசாமல் படுத்திருக்கலாமே’ என்று நஃப்ஸு சொல்லும். இயலாமல் போனதற்கே அந்தச் சலுகை. இயன்றதை விடுவதற்கு அன்று. நின்று தொழ முடியாவிடில் உட்கார்ந்து, அதுவும் முடியாவிடில் ஒருக்களித்துப் படுத்துத் தொழுமாறு இம்ரான் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஒரு படி இறங்கலாம். ஏணியை விட்டே குதிக்கக் கூடாது.

உடலுக்கும் இதுவே சட்டம். அசையாத தசை ஓரிரு வாரங்களிலேயே மெலியத் தொடங்கும், சர்க்கரையும் ஏறும். ஆகவே மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு மற்ற உறுப்புகளுக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் அமர்ந்து கைகளுக்குப் பயிற்சி செய்யலாம். ஆழ்ந்து மூச்சு விடலாம். நலமான காலை நீட்டி மடக்கலாம். உழைப்பு குறைந்த நாளில் உணவிலும் சோற்றைக் குறைத்து, பருப்பு, முட்டை, மீன், காய்கறி சேருங்கள். சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். மருந்தின் அளவை மருத்துவரிடமே கேளுங்கள்.

வீம்பும் வேண்டாம். தலையில் காயம்பட்ட ஒருவரைத் தண்ணீரில் குளித்தே ஆகவேண்டும் என்று தோழர்கள் சொல்ல, அவர் குளித்து மௌத்தானார். செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் அத்தோழர்களைக் கடுமையாகக் கண்டித்ததாக அபூதாவூதில் வருகிறது. காயத்தை வதைப்பது தக்வா அன்று. கட்டின் மீது மஸ்ஹு செய்யவும் மார்க்கத்தில் இடமுண்டு.

நெய்வேலி மக்களுக்கு ஓர் உவமை சொல்வோம். 1957-ல் தோண்டத் தொடங்கிய இச்சுரங்கத்தில் 1961-ல்தான் நிலக்கரி தட்டுப்பட்டது. அந்தப் படுகையின் அடியில் பேரழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. வெட்டும் இயந்திரத்தைப் பழுது பார்க்க நிறுத்தலாம். நீரிறைக்கும் பம்புகளை நிறுத்த முடியுமா? நிறுத்தினால் நீர் பொங்கிச் சுரங்கத்தையே மூழ்கடிக்கும். உங்கள் கால் பழுது பார்க்க நிறுத்திய இயந்திரம். தொழுகை, திக்ரு, ஓதல், நேரத்துக்கு உறக்கம் ஆகியவை பம்புகள். அவை நின்றால் அடியிலிருந்து சலிப்பு பொங்கி வரும்.

இதையெல்லாம் மறுவாரம் அவரிடம் சொன்னோம். பஜ்ருக்குப் பின் நடந்த நேரத்திலேயே நாற்காலியில் அமர்ந்து கைப்பயிற்சி. பிறகு ஒரு பக்கம் குர்ஆன். அவ்வளவே அவர் தொடங்கினார். சில நாள் அதுவும் தவறியது, மறுநாள் பிடித்துக்கொண்டார். கட்டு அவிழ்த்த பின்னும் பழைய தூரத்தை ஒரே நாளில் எட்ட முயலவில்லை. முதலில் வாசல் வரை, பிறகு தெருமுனை வரை நடந்தார். குறைவாயினும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்ற நபிமொழியை அவர் காலால் ஓதினார் என்போம். ஒரு பஜ்ரில் கைத்தடியோடு ஸப்பில் வந்து நின்றவரைக் கண்டு நம் கண்கள் கலங்கின.

சுகத்திலும் பிணியிலும் இயன்றதை விடாமல் செய்யும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.