வாசலின் அளவு

தேர்வானாலும் உத்தியோகமானாலும், வாசலைக் கடந்து வந்தவனைத் தகுதியுள்ளவன் என்கிறோம்; வர முடியாதவனைத் தகுதியற்றவன் என்று ஒதுக்கி விடுகிறோம். இந்தத் தீர்ப்பு நியாயந்தானா? ஒரு கல்லை வைத்துக்கொண்டு இதைச் சிந்திக்கலாம்.

1756-ல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் க்ரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடாக்கியபோது, அதிலிருந்து நீராவி பொங்கிற்று. 'கொதிக்கும் கல்' என்ற பொருளில் அதற்கு ஜியோலைட் என்று பெயரிட்டார். சிலிக்கன், அலுமினியம், ஆக்ஸிஜன் அணுக்கள் பின்னிக்கொண்ட கூடு அது. அதனுள்ளே ஒரே அளவான நுண்வழிகள் ஓடுகின்றன. அலுமினிய அணு அமர்ந்த இடத்தை ஒட்டி அமிலத்தன்மையை ஏற்படுத்த முடியும். ரசாயன மாற்றம் நிகழ்வது அங்கேதான்.

அமெரிக்காவில் மொபில் கம்பெனி உருவாக்கி, 1972-ல் காப்புரிமை பெற்ற ஜியோலைட் ஒன்று உண்டு. அதன் வழி, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 18 லட்சத்தில் ஒரு பங்கு அகலம். டொலுவீன் அதற்குள் புகுந்து ஸைலீனாக மாறுகிறது. ஸைலீனில் பாரா, மெட்டா, ஆர்த்தோ என மூன்று வகை. மூன்றிலும் 8 கார்பன் அணுக்கள், 10 ஹைட்ரஜன் அணுக்கள். இரண்டு கிளைகள் ஒட்டியிருக்கும் இடந்தான் வேறு. எதிரெதிர் முனைகளில் கிளைகளைக் கொண்ட பாரா, ஒல்லியாக இருப்பதால் விரைந்து வெளியேறுகிறது. மற்றவை உள்ளேயே சுற்றிச் சுற்றி, பெரும்பாலும் பாராவாக உருமாறிய பிறகே வெளிவருகின்றன. பாலியெஸ்டர் துணிக்கு வேண்டியது பாராதான் என்பதால், ஆலைக்கு இது லாபம்.

வெளியே நின்று பார்ப்பவன், ஸைலீன் என்றாலே பாராதான் என்று எண்ணிவிடக்கூடும். தடையின்றி விட்டால் அது கால் பங்களவே இருக்கும். வெளியேற முடியாத ஆர்த்தோவும் பயனற்றதல்ல. வண்ணப்பூச்சுத் தயாரிக்க அது வேண்டியிருக்கிறது.

குறுகிய வாசலே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. காரியம் நடக்க அளவுகோல் வேண்டும். கல்லுக்கு மனமில்லை; அதன்மேல் பழியுமில்லை. ஆனால் மனிதர்களுக்கு வாசல் வைக்கிறவர்கள் கல்லைப் போலக் கைகழுவிவிட முடியாது. இந்த அளவை யார் குறித்தார்கள், எந்தத் தேவைக்காகக் குறித்தார்கள் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

தேர்ந்து வந்தவனுக்கு மாலை போடுவோம், தவறில்லை. அந்த வாசலுக்குப் பொருந்துவதற்காக அவன் எதையெல்லாம் உள்ளே இழந்துவிட்டு வந்தான் என்பதையும், உள்ளேயே நின்றுவிட்டவன் வேறு எந்த வாசலுக்கு உரியவன் என்பதையும் கேட்டுவிட்டுப் போடுவோம்.